பெட்டிக்கு வெளியே நின்ற கல்யாணங்கள்

ஆவுடைபுரத்துக் கல்யாணங்களெல்லாம் வீதிக்கு இறங்கி வந்தது, சித்திரை வெயில் தார் ரோட்டை இளக்கிக்கொண்டிருந்த ஒரு முற்பகலில். முதலில் வந்தவன் ஒரு மாப்பிள்ளைத் தோழன். கையில் பன்னீர்ச் செம்போடு சந்தனமாரியின் வீடியோக் கடைப் படியில் நின்று, வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, அந்த வழியே சைக்கிளில் போனவர் மேல் தெளித்தான். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு எந்த மண்டபம் என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார். முகூர்த்த மாசத்தில் பன்னீர் தெளிப்பவனைப் பார்த்து யார் ஆச்சரியப்படுவார்கள்? அவனுக்குப் பின்னால் ஒரு மணப்பெண் வந்தாள், அவள் முந்தானையைச் சரிசெய்தபடி ஓர் அத்தை வந்தாள், அத்தைக்குப் பின்னால் சீர்த்தட்டு ஏந்திய பெண்கள் வந்தார்கள், அவர்களுக்குப் பின்னால் வேறொரு மணப்பெண், வேறொரு காலத்துக் கொண்டையோடு, வேறொரு மேளக்காரரோடு. நெரிசல் பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்களைப் போல ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு, கடையின் பின்னறையிலிருந்து அவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள்.

சந்தனமாரி நாற்காலியில் உட்கார்ந்தவள் உட்கார்ந்தபடியே இருந்தாள். இரண்டு கைகளும் வாயைப் பொத்தியிருந்தன. அந்தத் தோழனை அவளுக்குத் தெரியும். கிணற்று மோட்டாரில் கை வைத்துக் கரிக்கட்டையாகப் போனவன், அன்றைக்கு அவனுக்கு மாலை வாங்கிப் போட்டவள் அவள். வந்தது யார் என்று ஊருக்குப் புரியப் பொழுதாகும். அவளுக்குப் பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிட்டது. இது சாமி குற்றமில்லை, கோடைக் கோளாறில்லை. தான் பார்த்த வேலை.

சந்தனமாரி உப்புக்கும் பேரம் பேசுவாள், ஊசிக்கும் பேசுவாள். வேளைக்கு ரெண்டு மாத்திரை என்று டாக்டர் எழுதினால் ஒன்று போதாதா என்று அவரிடமே கேட்பாள். கல்யாண வீடுகளில் வீடியோ லைட்டைத் தூக்கிப் பிடிக்கிற கூலிப்பெண்ணாக ஆரம்பித்து, அந்தச் சூட்டில் புறங்கை கருகி, கேமராக்காரன் தவசிலிங்கத்தைக் கட்டி, அவன் மஞ்சள் காமாலையில் போன பிறகு அவன் கேமராவைத் தன் தோளில் ஏற்றி, கடையைத் தானே நிலைநிறுத்தியவள். அவள் படித்த படிப்பெல்லாம் பஸ் ஸ்டாண்டிலும் மார்க்கெட்டிலும் ஏமாந்து ஏமாந்து படித்தது, அந்தப் படிப்பின் முதலும் முடிவும் ஒன்றுதான்: எவனும் முதலில் சொல்லுகிற அளவு, குறைத்துக் கேட்கட்டும் என்றே கூட்டிச் சொல்லுகிற அளவு.

கடையின் பின்னறையில் ஒரு பெட்டி இருந்தது. அதற்குள் நாலு டிஸ்க், அந்த நாலையும் ஒன்றாகக் கட்டி ஆளுகிற ஒரு சாஃப்ட்வேர். ஊரின் கல்யாணமெல்லாம், பழைய கேசட்டிலிருந்து மாற்றியது உட்பட, அதற்குள்தான் இருந்தது. ஒரு கல்யாணத்தை முழுசாக ஒரே டிஸ்க்கில் அது வைக்காது. துண்டு துண்டாக வெட்டி நாலிலும் பரப்பும், மணமகள் முகம் ஒன்றில், தாலி இன்னொன்றில், தாலி கட்டின கை மற்றொன்றில். ஒரு டிஸ்க் செத்தாலும் மீதி மூன்றும் சேர்ந்து, செத்தது இன்னதென்று சொல்லிவிடும். இடம் நிரம்பிவிட்டால் ஐந்தாவது டிஸ்க் சேர்க்கலாம். ஆனால் சேர்க்கும்போது அத்தனை கல்யாணத்தையும் மறுபடி எடுத்து, மறுபடி வெட்டி, ஐந்திலும் பரப்பியாக வேண்டும். அதனால் புதுசு பழசைவிட இம்மியளவும் சின்னதாக இருக்கக் கூடாது. எடுத்து மாற்றி வைக்க உள்ளே கொஞ்சம் வெறும் இடமும் முன்கூட்டியே இருக்க வேண்டும். மூச்சுவிட முடியாத பஸ்ஸில் ஒருத்தர் இறங்கி நின்றால்தானே மற்றவர்கள் நகர்ந்து உட்கார முடியும், அந்த மாதிரி.

மதுரையில் ஜமாலின் கம்ப்யூட்டர் கடையில் ஐந்தாவது டிஸ்க்குக்கு அவள் பேசிய பேரத்தைக் கேட்கப் பக்கத்துக் கடைக்காரர்கள் வந்து நின்றார்கள். கடைசியில் ஜமால் அலுத்துப்போய், இன்னொரு டிஸ்க் இருக்கிறது, அதே அளவு போட்டிருக்கும், ஆனால் கம்பெனி வேறு, நிஜத்தில் ஒரு மயிரிழை சின்னது, அதனால்தான் விலை இறங்குகிறது என்று சொன்னான். அவள் காதில் விழுந்தது விலை இறங்குகிறது என்பது மட்டும்தான். ஊருக்கு வந்து மாட்டினாள். திரையில் எழுத்து வந்தது: குறைந்தபட்சம் இவ்வளவு இடம் தேவை, இருப்பது போதாது, தொடர வேண்டாம். குறைந்தபட்சம் என்ற வார்த்தையைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. குறைந்தபட்சம் என்று சொல்லாத வியாபாரி உண்டா? கீழே ஓர் ஓரத்தில், பரவாயில்லை தொடர்க என்று சின்னதாக ஒரு பொத்தானும் இருந்தது. இறங்கி வருகிறவன்தான் ஓரத்தில் வழி வைத்திருப்பான் என்று நினைத்துக்கொண்டு அமுக்கினாள்.

பெட்டி இறங்கி வரவில்லை. உள்ளே இடம் இல்லையென்றதும், வெள்ளையடிக்கிற வீட்டில் பண்டபாத்திரத்தை முற்றத்தில் இறக்கி வைப்பதுபோல, அடுக்க முடியாததையெல்லாம் வெளியே இறக்கி வைத்துவிட்டுப் பாதி வேலையில் நின்றது.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், வந்தவர்கள் பட்டும் பூவுமாக வந்திருந்தார்கள், பட்டும் பூவுமாக வந்தவர்களைப் பசியோடு அனுப்பினால் ஊர் பேர் கெட்டுவிடும், அதுதான் முதலில் எல்லாருக்கும் வந்த கவலை. யார் செத்தவர், யார் இருப்பவர், ஒரே ஆள் எப்படிக் கிழவனாகத் தெருவிலும் குமரனாகத் திண்ணையிலும் இருக்கிறான் என்பதெல்லாம் பந்தி முடிந்து பேசிக்கொள்ளலாம் என்று கல்யாண மண்டபத்தைத் திறந்துவிட்டார்கள். சண்டை வந்தது, ஆனால் அது வேறு சண்டை. இத்தனை பேருக்கும் ஆக்கிப் போடுவது பெண் வீட்டாரா மாப்பிள்ளை வீட்டாரா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்று, இவர்கள் அரிசி அவர்கள் காய்கறி என்று தீர்ந்தது. வந்தவர்கள் சாப்பிட்டார்கள், படத்தில் சாப்பிட்ட அளவுக்கு. படத்தில் பாயசத்தை வழித்தவர் பாயசத்தை மட்டும் வழித்தார். கேமராவைக் கண்டு கூச்சத்தில் வாயை மூடிக்கொண்டவர் இப்போதும் வாயைத் திறக்கவில்லை. பேசினார்கள், படத்தில் பேசியதை மட்டும். சம்பந்தி, சாம்பாரில் உப்பில்லை என்று சொன்னவர் சொல்லிக்கொண்டே இருந்தார், இந்த முறை சமைத்தவர்கள் நிஜமாகவே வருத்தப்பட்டு ஒரு கை உப்பை அள்ளிப் போட்டார்கள்.

ரேஷன் கடை செண்பகவடிவு, முட்டிவலியோடு நடந்து போய், மணமேடைப் பெண்ணாக நின்ற தன்னையே கைப்பிடித்து வீட்டுக்குக் கூட்டி வந்தாள். ஃபேனுக்கு அடியில் உட்காரவைத்து, அழாதட்டி, இந்த ஆளு குடிக்க மாட்டாரு, கஞ்சன் மட்டுந்தான் என்று தைரியம் சொன்னாள். பெண் தலையைக் குனிந்தாள், நிமிர்ந்தாள், மறுபடி குனிந்தாள். கனகவல்லி வீட்டில்தான் கொஞ்சம் சங்கடம். கோர்ட்டில் ரத்தான அவளுடைய முதல் கல்யாணம், மாலையும் கழுத்துமாக, இரண்டாவது புருஷன் வீட்டு வாசலில் வந்து நின்றது. இரண்டாவது புருஷன் தையல்காரன், அதிகம் பேசாதவன். வந்தவர்களை நிக்கவா வைக்க முடியும் என்று சொல்லி, தையல் மெஷினை ஓரமாக நகர்த்தி நாற்காலி போட்டான். அந்தக் கூட்டத்தோடு கனகவல்லியின் செத்துப்போன அப்பாவும் வந்திருந்தார். பந்தி முடிந்து அவர் கை கழுவுகிற காட்சி மட்டும்தான் படத்தில் இருந்தது, அதனால் வாசல் தொட்டியில் கை கழுவிக்கொண்டே இருந்தார். கனகவல்லி பக்கத்தில் துண்டோடு நின்றுகொண்டே இருந்தாள்.

லைன்மேன் சுடலைக்கண்ணு, எந்த உத்தரவும் இல்லாமல், கோடைக்காலப் பராமரிப்பு மின்நிறுத்தத்தைத் தள்ளிப் போட்டார். கரண்ட் போனால் வந்தவர்களுக்கு ஆகாது என்று யார் சொன்னார்கள் என்று தெரியாது, ஊருக்கே அது தெரிந்திருந்தது. பகலில் ஃபேனை அணைத்துவிட்டு விசிறியால் விசிறிக்கொண்டார்கள். மாவு மில்காரர் மில்லை மூடினார். எல்லாரும் சந்தனமாரியைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். தாயி, எங்க அய்யாவ எனக்குக் காட்டிட்டியே என்று ஒருத்தர் அவள் காலில் விழவே வந்தார். அவள் பதறிக் காலை இழுத்துக்கொண்டாள், அன்றைக்கு முழுக்க அந்தக் கால் சுட்டது.

மண்டபத்தில் பந்தி நடந்த முதல் நாளே, தண்ணீர் குடிக்கக் கடைக்குப் பின்னால் தன் வீட்டு அடுப்பங்கரைக்குப் போனபோதுதான் அவள் அதைக் கேட்டாள். தலையக் கொஞ்சம் நிமித்துங்க, என்றது ஒரு குரல். பானைக்கும் ஜன்னலுக்கும் நடுவே, ஆள் உயரத்தில், ஆளில்லாமல். பெரியம்மா கொஞ்சம் தள்ளிக்கிடுங்க. சிரிங்க, சிரிச்சா காசு கேக்க மாட்டேன். மாரி, லைட்ட இந்தப் பக்கம்.

தவசிலிங்கம் எந்தப் படத்திலும் இல்லை. எடுத்தவன் அவன், எடுத்தவனை எடுக்க ஆள் இல்லை. அவனுக்கு மாட்டி வைக்க நல்ல போட்டோகூட அமையவில்லை, வாக்காளர் அட்டையில் இருந்தது யாருடைய முகமாகவும் இருக்கலாம். ஆனால் படம் எடுக்கும்போது வாய் ஓயாது அவனுக்கு. மற்ற கடைகளில் படத்தின் சொந்தச் சத்தத்தைத் துடைத்துவிட்டு நாயனமும் பாட்டும் ஏற்றுவார்கள், சந்தனமாரியும் ஏற்றித்தான் கொடுத்தாள், ஆனால் துடைத்ததை அவள் எறியவில்லை. அவன் எடுத்த ஒவ்வொரு கல்யாணத்தின் பச்சைச் சத்தத்தையும் அதே பெட்டியில் தனியாகச் சேர்த்து வைத்திருந்தாள். யாருக்கும் சொன்னதில்லை. காது குளிரக் கேட்டதும் இல்லை. கேட்டால் தீர்ந்துவிடும் என்று ஒரு பயம். இப்போது அது அடுப்பங்கரையில் நின்று, லைட்ட இந்தப் பக்கம் என்றது. அவள் செம்பை வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள்.

சில நாள் அப்படிப் போனது. அப்புறம் ஒரு மத்தியானம், எங்கோ கம்பியில் காக்கை மோதி, கரண்ட் ஒரு சிமிட்டுச் சிமிட்டியது. பெட்டியின் பழைய யூ.பி.எஸ். ஒரு முறை முனகித் தாங்கிக்கொண்டது. அவ்வளவுதான். ஆனால் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில், மகன் கல்யாணத்தில் டம்ளரோடு உட்கார்ந்த கோலத்திலேயே உட்கார்ந்திருந்த சண்முகையா, டம்ளரோடு இல்லாமல் போனார். பெஞ்சில் அவர் உட்கார்ந்த இடம் காலியாக இருந்தது. அவர் பெண்டாட்டி குருவம்மாள் வந்தாள், பெஞ்சைத் தடவிப் பார்த்தாள், அழவில்லை. ரெண்டாந் தடவ எப்படி அழுகுறதுன்னு எனக்குத் தெரியலயே என்று டீக்கடைக்காரரிடமே கேட்டாள்.

அதற்குப் பிறகு பயம் எல்லா வீட்டுக்கும் வந்தது. உற்றுப் பார்த்தபோது மற்றவர்களும் சரியாக இல்லை. ஒரு மணப்பெண்ணின் கன்னத்தில் விரல் நகமளவு சதுரம் ஒன்று காணவில்லை, அந்த வழியே பின்சுவர் தெரிந்தது. ஒருவருடைய வேட்டியின் வெள்ளை அவர் நடந்த பிறகும் கொஞ்ச நேரம் பின்னாலேயே நின்று, அப்புறம் ஓடி வந்து சேர்ந்துகொண்டது. செண்பகவடிவு தன் மணப்பெண்ணை ஒரு புடவையால் போர்த்தி வைத்தாள், அவிழ்த்துப் பார்க்கப் பயந்து அப்படியே காத்தாள். பேசிக்கொண்டிருந்தவர்கள் பாதி வார்த்தையில் நின்றார்கள், அதே பாதியை மறுபடி சொன்னார்கள். அடுப்பங்கரையில் குரல், லைட்ட, லைட்ட, லைட்ட என்று மூச்சு முட்டிக்கொண்டிருந்தது.

சுடலைக்கண்ணு வேர்க்க விறுவிறுக்க வந்து நின்றார். டிரான்ஸ்ஃபார்மர் கொதிக்கிறது, தன்னால் இனிப் பிடிக்க முடியாது, இன்றைக்கு விளக்கு வைக்கிற நேரத்தில் ஊரெல்லாம் லோடு ஏறும்போது கண்டிப்பாக விழும் என்று சொன்னார். விழுந்தா சிமிட்டா இருக்காது மதினி, விடிய விடிய கரண்ட் இருக்காது என்றார்.

சந்தனமாரி ஜமாலுக்குப் போன் போட்டாள். எடுத்ததும் தொண்டை கிழியத் திட்டினாள். அவன் திட்டு முடியும்வரை பொறுத்திருந்தான்.

"அக்கா, மயிரிழை சின்னதுன்னு நான் அன்னைக்கே சொன்னேன். நீங்கதான், மயிர நானே சீவிக்கிடுதேன், நீ வெலையச் சொல்லுன்னீங்க."

போனை அவள் மறு காதுக்கு மாற்றினாள். சொன்னது ஞாபகம் வந்தது. கூடி நின்றவர்கள் சிரித்ததும் ஞாபகம் வந்தது.

"இப்ப என்ன செய்யணும்? அதைக் கழட்டிட்டு வேற பெருசா மாட்டட்டுமா?"

"தொட்டுறாதீங்க. பாதி பழைய கணக்குல இருக்கு, பாதி புதுக் கணக்குல இருக்கு. கழட்டுனா அஞ்சும் வெறும் தகரம். முன்னாலதான் போகணும்."

"போகமாட்டேங்குதே."

"இடம் குடுத்தாப் போகும். குறையுற அளவுக்கு உள்ள இருந்து எதையாவது அழிங்க. காப்பி எடுக்கலாம்னு பாக்காதீங்க, இந்த நெலமையில படிக்கத் தராது. அழிக்க மட்டும் விடும்."

"கொஞ்சமா அழிச்சாப் போதும்ல?"

"அக்கா," என்றான் ஜமால், குரலில் நிஜமாகவே இரக்கம் இருந்தது, "அதுகிட்ட மட்டும் பேரம் பேசாதீங்க. அது என்னை மாதிரி மனுசன் கெடையாது."

மண்டபத்தில் ஊரைக் கூட்டி அவள் சொன்னாள். தன் கை செய்தது, தன் வாய் செய்தது, சாமி ஒன்றும் செய்யவில்லை, சண்முகையா போனதும் தன்னால்தான். கும்பிட்டவர்களே ஏசினார்கள். ஏசி முடிந்ததும் எல்லாரும் வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள், வெயில் சாய்ந்துகொண்டிருந்தது, ஏச நேரமில்லை. ஒரு கல்யாணம் போனால் போதும், மற்றதெல்லாம் பிழைக்கும். யாருடையது?

இதுநாள்வரை அவள் ஒருத்திதான் பேரம் பேசுகிறவள் என்று பேர், அன்றைக்கு ஊரே பேசியது. அவங்க வீட்டுல ரெண்டு கல்யாணம் இருக்கு, ஒண்ணு போனா என்ன என்றார்கள். உங்க கல்யாணத்துல பாதிப் பேரு கோவிச்சுக்கிட்டு வரவே இல்லையே என்றார்கள். எங்க படத்துல எங்க தம்பி இருக்கான், எங்க சின்னம்மை இருக்கு, வெளியூர்ல செத்த எங்க பெரியப்பா நடந்து போறாரு, பின்னால, தூணுக்குப் பக்கத்துல, பாருங்க, அவருக்கு வேற படமே கிடையாது. எந்தக் கல்யாணத்தை எடுத்தாலும் அதன் தூணுக்குப் பக்கத்தில் யாரோ ஒருவர் நடந்து போய்க்கொண்டிருந்தார். கனகவல்லி எழுந்தாள். என்னுது ரத்தான கல்யாணந்தானே, அதை எடுத்துக்கோங்க என்றாள். சட்டென்று மண்டபம் அமைதியானது, நிம்மதியில் சிலர் மூச்சுவிட்டது கேட்டது. அந்த அமைதியில், வாசல் குழாயடியில் தண்ணீர் விழுகிற சத்தம் வந்தது. அவள் கைப்பிடித்துக் கூட்டி வந்திருந்த அப்பா அங்கே கை கழுவிக்கொண்டிருந்தார். கனகவல்லி சத்தம் வந்த பக்கம் பார்த்தாள், எடுத்துக்கோங்க என்று இன்னொரு தடவை சொல்ல வாயெடுத்தாள், சொல்ல முடியவில்லை, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு உட்கார்ந்தாள். தையல்காரன் எழுந்து, சத்தமே இல்லாமல், வேண்டாம் என்று கையை மட்டும் அசைத்தான்.

சந்தனமாரிக்குத் தெரியும். எவ்வளவு குறைகிறது என்றும் தெரியும், யாருக்கும் சொந்தமில்லாத, யாரும் கேட்டு வரமாட்டாத அத்தனை அளவு எங்கே இருக்கிறது என்றும் தெரியும். வாயைத் திறக்காமல் இருந்தால் இன்னும் கொஞ்ச நேரத்தில் ஊர் கனகவல்லியிடமிருந்து வாங்கிவிடும். கேட்டு வாங்காது, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்து வாங்கிவிடும். வாங்கிவிட்டால் அடுப்பங்கரையில் குரல் இருக்கும். அவளுக்குப் பயம் வந்தது. பெட்டி செத்துப்போகுமோ என்ற பயம் அதற்குள் பழகிவிட்டிருந்தது. இது, வாயைத் திறக்காமலே இருந்துவிடுவோமோ என்ற பயம்.

"கனகு, நீ எந்திரிச்சு வீட்டுக்குப் போ," என்றாள். "உங்க யாருதும் வேண்டாம். எங்கிட்ட ஒண்ணு கெடக்கு."

என்னது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் மனசு மாறிவிடுவாள் என்று பயந்து, வந்தவர்களையெல்லாம் கைத்தாங்கலாகக் கடை வாசலுக்கு அழைத்துக்கொண்டு போனார்கள்.

அவள் முதலில் அடுப்பங்கரைக்குப் போனாள். குரல் பெரியம்மாவைத் தள்ளி நிற்கச் சொல்லிக்கொண்டிருந்தது. அதற்கு எதிரே, ஆள் முகம் இருக்கக்கூடிய உயரத்தைப் பார்த்து நின்றாள். என்ன பேசுவது என்று தெரியவில்லை. உயிரோடு இருந்தபோதும் அவனோடு அவள் பேசியது பெரும்பாலும் சண்டைதான்.

"மாரி, லைட்ட இந்தப் பக்கம்," என்றது குரல்.

"எந்தப் பக்கம்?" என்றாள்.

"ஆங். அப்படியே."

அது எந்தக் கல்யாணத்திலோ, எந்த வருஷத்திலோ சொன்னது. அவளுக்கான பதில் அல்ல. அவளுக்கு அது தெரியும்.

பின்னறையில் பெட்டியின் முன் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக அழித்தாள். ஒரு கல்யாணத்தின் சத்தம் போனது, அடுப்பங்கரையில் ஒரு வாக்கியம் குறைந்தது. இன்னொன்று போனது, சிரிச்சா காசு கேக்க மாட்டேன் போனது. கடைசியில் மிகச் சின்னதாக ஒன்றை மட்டும், கோவிலில் வைத்து நடந்த ஏழைக் கல்யாணம் ஒன்றின் சத்தத்தை மட்டும் மிச்சம் வைத்துவிட்டுப் பார்த்தாள். இடம் போதாது என்றது திரை. அவள் திரையைப் பார்த்துப் பேசினாள், வாய்விட்டுப் பேசினாள். இத்தனை குடுத்தவகிட்ட இத்தனூண்டு விடக் கூடாதா, ஒரு வார்த்தை, அதில் என் பேரு இருக்கு, அதுக்கு எவ்வளவு இடம் பிடிக்கும். திரை அதையே சொன்னது. தலைக்கு மேல் ஃபேன் வேகம் குறைந்து இறக்கைகள் தனித்தனியாகத் தெரிய ஆரம்பித்தன. ஊரில் எங்கோ முதல் விளக்கைப் போட்டுவிட்டார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினாள்.

வீடு அமைதியானது. பெட்டி மெல்ல உறுமத் தொடங்கியது.

ஆனால் வாசலில் நின்றவர்கள் நகரவில்லை. மணப்பெண்களும் தோழர்களும் மேளக்காரர்களும் சீர்த்தட்டுப் பெண்களும், கடைக்குள் போகாமல், கழுத்தை நீட்டி எதையோ எதிர்பார்த்து நின்றார்கள். ஊர் தள்ளிப் பார்த்தது, கெஞ்சியது, போங்கய்யா, உள்ள போங்க தாயி என்றது. அவர்கள் யார் சொல்லியும் நகர்ந்தவர்கள் இல்லை. அவர்கள் வாழ்ந்த அந்தக் கொஞ்ச நேரம் முழுக்க நிமிர்ந்ததும் திரும்பியதும் நடந்ததும் கேமராவுக்குப் பின்னால் நின்ற ஒரே ஒருத்தன் சொல்லித்தான். அவன் இப்போது இல்லை. தெருவிளக்கு மங்கியது. செண்பகவடிவின் மணப்பெண் முகத்தில் சதுரங்கள் கூடிக்கொண்டே போயின. சுடலைக்கண்ணு கம்பத்தடியில் நின்று மேலே பார்த்தபடி, சீக்கிரம், சீக்கிரம் என்று யாரிடமோ சொன்னார்.

சந்தனமாரி மூலையில் கிடந்த பழைய வீடியோ லைட்டை எடுத்து, பேட்டரியில் மாட்டி, தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் நின்றாள். எல்லா முகங்களும் வெளிச்சத்துக்குத் திரும்பின. எத்தனையோ கல்யாணங்களில் அவன் பக்கத்தில் நின்றும் அவள் வாயைத் திறந்ததில்லை. லைட் பிடிப்பவள் பேசக் கூடாது, பேசினால் படத்தில் விழும்.

"வாங்க," என்றாள். குரல் உடைந்தது. "இந்தப் பக்கம் வாங்க. தலையக் கொஞ்சம் நிமித்துங்க. பெரியம்மா, நீங்க முன்னால போங்க. மால சரியுது பாருங்க, சரி பண்ணுங்க. ஆங். அப்படியே."

அவர்கள் வந்தார்கள். மாலையைச் சரிசெய்துகொண்டு, தலையை நிமிர்த்திக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராக அவளைக் கடந்து பின்னறைக்குள் போனார்கள். அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள், மறந்ததெல்லாம் வாயில் வந்தது, அவன் சொன்ன எதுவும் விட்டுப்போகவில்லை. கனகவல்லியின் அப்பா ஈரக்கையை உதறியபடி வந்தார். கனகவல்லி துண்டை நீட்டினாள், அவர் வாங்காமல் போனார். கடைசி ஆள் உள்ளே போன பிறகும் சந்தனமாரி லைட்டை இறக்கவில்லை. ஊர் முழுக்க இருட்டில் விழுந்தது, அந்த ஒரு லைட் மட்டும் எரிந்தது. பெட்டியைத் தாங்கிய யூ.பி.எஸ்.ஸின் முனகலைக் கேட்டபடி எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு தெருவில் நின்றார்கள். பெட்டி உறுமி உறுமி, ஒரு கட்டத்தில் ஓய்ந்து, பச்சையாக ஒரு புள்ளியைக் காட்டியது.

மறுநாள் காலை சரிபார்க்க அவள் ஒரு கல்யாணத்தைப் போட்டுப் பார்த்தாள், கனகவல்லியின் முதல் கல்யாணம். எல்லாம் இருந்தது, எங்கும் ஒரு சதுரம்கூடக் குறையவில்லை. நாயனம் போய்க்கொண்டிருந்தது. மேடையில் நின்ற அத்தனை பேரும், யாரோ ஏதோ சொன்னதுபோல, ஒரே சமயத்தில் தலையை நிமிர்த்திச் சிரித்தார்கள். ஓரத்திலிருந்த பெரியம்மா ஒருத்தி தள்ளி நின்றாள். அவர்கள் முகங்களின் மேல் வலதுபுறமாக விழுந்துகொண்டிருந்த அவள் லைட்டின் வெளிச்சம், கொஞ்சமும் நடுங்காமல், இடது பக்கம் நகர்ந்தது.